பிரெஞ்சுக் கல்வியில் மொழி, இலக்கியம், பண்பாடு: பிரிவும் இணைவும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகப் பிரெஞ்சுத் துறைகளின் பாடத்திட்டம் பெரும்பாலும் மொழி, இலக்கியம், பண்பாடு என்னும் மூவகைத் தாள்களாகப் பகுக்கப்படுகிறது. இம்மூன்றும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு தேவைகளை முன்னிட்டுக் கல்விக்குள் வந்தவை. இவற்றை ஒன்றாகப் பிணைக்கவல்லது பனுவல் விளக்கம் என்னும் வாசிப்புப் பயிற்சியாகும். இக்கட்டுரை அப்பயிற்சியின் வரலாற்றையும் அமைப்பையும் விளக்குகிறது. ராசினின் 'ஃபேத்ர்' நாடகத்தில் காணப்படும் முன்னிலைப்பெயர் மாற்றம், காம்யுவின் 'அந்நியன்' நாவலில் காணப்படும் இறந்தகால வடிவம் ஆகிய இரு சான்றுகளைக் கொண்டு, மூன்று கூறுகளும் ஒரே சொல்லிடம் கேட்கப்படும் மூன்று வினாக்கள் என்பதை நிறுவ முயல்கிறது. தமிழ் மாணவர் இவ்வினாக்களைத் தமிழ் இலக்கணத்தின் துணையோடு கேட்கவேண்டியதன் தேவையும் எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்

பிரெஞ்சுக் கல்வி, பனுவல் விளக்கம், முன்னிலைப்பெயர், இறந்தகாலம், மொழிபெயர்ப்பு, ஒப்பீட்டு இலக்கணம், உரைமரபு

முன்னுரை

ஒரு மொழியைப் பேசக் கற்பதும் அம்மொழியைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பாகப் பயில்வதும் ஒன்றல்ல. பிரான்சில் 'நவீன இலக்கியம்' என்னும் பெயரில் மூன்றாண்டுப் பட்டம் பயிலும் மாணவர் பிரெஞ்சு மொழியைப் பள்ளியிலேயே எழுதவும் படிக்கவும் கற்றுத் தேர்ந்தவர். பிரான்சுக்கு வெளியே பிரெஞ்சுத் துறையில் சேரும் மாணவரோ பல இடங்களில் எழுத்தொலியிலிருந்தே தொடங்குகிறார். முதற்பருவத்தில் தம் பெயரையும் ஊரையும் சொல்லக் கற்பவர், இறுதியாண்டிற்குள் 17ஆம் நூற்றாண்டுச் செய்யுள் நாடகத்தைப் படித்துக் கருத்துரைக்க வேண்டியவராகிறார். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை எவ்வாறு கடப்பது என்பதே அயலகப் பிரெஞ்சுத் துறைகளின் அடிப்படைச் சிக்கலாகும்.

பாடத்திட்டங்கள் இச்சிக்கலைப் பகுத்துத் தீர்க்க முற்படுகின்றன. தொடக்கப் பருவங்களுக்கு மொழி, பிற்பருவங்களுக்கு இலக்கியம், இடையே பண்பாடு எனத் தாள்கள் அமைகின்றன. நிருவாக நோக்கில் இது வசதியானது. ஆயினும் மொழித்தாளில் கற்ற இலக்கணம் இலக்கியத் தாளில் பயன்படுவதில்லை. இலக்கியத் தாளில் படித்த நாவலுக்கும் பண்பாட்டுத் தாளில் மனப்பாடம் செய்த செய்திகளுக்கும் தொடர்பு ஏற்படுவதில்லை. இப்பிரிவு எவ்வாறு தோன்றியது, எதனால் இணைக்கப்படக்கூடும் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. மூன்று கூறுகளின் வரலாற்றுப் பின்னணி

பிரெஞ்சு மொழியை நெறிப்படுத்தும் முயற்சி அரசு சார்ந்தது. 1539இல் வெளியிடப்பட்ட வில்லேர் கொத்ரே ஆணை, நீதி ஆவணங்களில் இலத்தீனை விலக்கிப் பிரெஞ்சைப் புகுத்தியது. 1635இல் ரிஷ்லியே நிறுவிய பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் முதற்பதிப்பை 1694இல் வெளியிட்டது. எனினும் மக்கள் அனைவரும் பிரெஞ்சு பேசினர் எனக் கொள்ள இயலாது. புரட்சிக் காலத்தில், 1794இல் கிரேகுவார் பாதிரியார் அளித்த அறிக்கை, பிரெஞ்சைத் தூய முறையில் பேசுவோர் 30 இலட்சத்தைத் தாண்டார் எனக் கணித்தது. பிரெத்தோன், பாஸ்க், ஒக்சித்தான் முதலான மொழிகளைப் பேசிய பெருந்திரளான மக்கள் இருந்தனர். 1881, 1882 ஆகிய ஆண்டுகளின் ழுயூல் ஃபெரி சட்டங்கள் தொடக்கக் கல்வியைக் கட்டணமின்றியும் கட்டாயமாகவும் ஆக்கிய பிறகே பிரெஞ்சு நாடு முழுமைக்கும் பள்ளி மொழியாகப் பரவியது. ஆகவே பிரெஞ்சு, தன் சொந்த நாட்டினருள் பலருக்கே கற்பிக்கப்பட்ட மொழியாக இருந்தது என்பது கருதத்தக்கது.

இலக்கியம் கல்விப்பொருளாக வந்தது இதனினும் பிற்பட்ட நிகழ்வு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயர்பள்ளிக் கல்வியின் உச்சம் இலத்தீன் அணிக்கலையாகவே இருந்தது. 1880இல் பள்ளியிறுதித் தேர்வில் இலத்தீன் சொற்பொழிவுக் கட்டுரையின் இடத்தைப் பிரெஞ்சுக் கட்டுரை பெற்றது. பேசுவோரையும் எழுதுவோரையும் உருவாக்கிய அணிக்கலை பின்வாங்க, பனுவலை ஆராய்ந்து படிப்போரை உருவாக்கும் கல்வி முன்வந்தது. 1890களில் பிரெஞ்சு இலக்கிய வரலாற்றை எழுதிய குஸ்தாவ் லான்சோன் இம்மாற்றத்தின் முதன்மைச் சிந்தனையாளர் ஆவார்.

பண்பாடு என்னும் கூறு பெரும்பாலும் அயலக மாணவரை முன்னிட்டு வளர்ந்தது. 1953இல் வெளிவரத் தொடங்கிய கஸ்தோன் மோழேயின் பாடநூல் தன் தலைப்பிலேயே மொழியையும் நாகரிகத்தையும் ஒருங்கே கொண்டிருந்தது. பல்லாண்டுகள் உலகெங்கும் பயன்பட்ட அந்நூலில் நாகரிகம் என்பது பெரும்பாலும் பாரிசின் காட்சியாக இருந்தது. பின்னர் 1976இல் ஐரோப்பிய மன்றத்தின் ஆதரவில் வகுக்கப்பட்ட 'வாயில்நிலை' என்னும் விவரணம், அன்றாடத் தொடர்பாடலைக் கற்பித்தலின் இலக்காக்கியது. 2001இல் வெளிவந்த ஐரோப்பியப் பொது மொழிச் சட்டகம் மொழித்திறனை ஆறு படிநிலைகளாக வகுத்தது. அளவிடத்தக்க திறன்களை அது தெளிவாக்கியது. இலக்கியத்திற்கு அதில் சிறிதளவே இடம் இருந்தது. பிற்காலத் துணைத்தொகுதியில்தான் படைப்புப் பனுவல்களுக்கு எதிர்வினையாற்றுதல், அவற்றைத் திறனாய்தல் ஆகியவற்றுக்கான அளவுகோல்கள் சேர்க்கப்பட்டன.

இவ்வாறு மொழி அரசின் தேவையாலும், இலக்கியம் பள்ளிக் கல்வியின் மாற்றத்தாலும், பண்பாடு அயலகக் கற்பித்தலின் தேவையாலும் உருப்பெற்றன. தோற்றம் வேறானமையால் அவை இன்றும் தனித்தனித் தாள்களாக நிற்பது வியப்பன்று.

2. பனுவல் விளக்கம் என்னும் பயிற்சி

பிரெஞ்சுக் கல்விமரபில் இக்கூறுகளை இணைக்கும் பயிற்சி 'எக்ஸ்ப்ளிகாசியோன் த தெக்ஸ்த்' எனப்படும் பனுவல் விளக்கமாகும். ஏறத்தாழ ஒரு பக்க அளவிலான பகுதி எடுத்துக்கொள்ளப்படும். முதலில் அப்பகுதி முழுநூலில் எங்கு நிற்கிறது என்பது கூறப்படும். பின்னர் அது உரக்கப் படிக்கப்படும். அதன் நகர்வு எத்தனை கட்டங்களாக அமைகிறது என்பது காட்டப்படும். அதன்பின் அடிதோறும் சொல், தொடர், காலம், அணி, ஒலி ஆகியன விளக்கப்பெற்று, பகுதி முழுமையும் என்ன செய்கிறது என்னும் முடிவு எட்டப்படும்.

இப்பயிற்சியில் இலக்கணம் தனியே நிற்பதில்லை. பிரான்சில் உயர்நிலை ஆசிரியர்களைத் தெரிவு செய்யும் 'அக்ரெகாசியோன்' என்னும் போட்டித் தேர்வின் நவீன இலக்கியப் பிரிவில், வாய்மொழியாக நிகழும் பனுவல் விளக்கத்துடன் இலக்கண உரையும் இணைக்கப்பட்டுள்ளது. 2019இல் தொடங்கிய பள்ளியிறுதிச் சீர்திருத்தம் இதே இணைப்பைப் பள்ளி மாணவருக்கும் கொண்டுவந்தது. அதன்படி வாய்மொழித் தேர்வின் 20 மதிப்பெண்களில் உரக்கப் படித்தலுக்கு 2, அடிதோறும் விளக்குதலுக்கு 8, படித்த பகுதியின் தொடரொன்றைப் பற்றிய இலக்கண வினாவுக்கு 2, நூல் குறித்த உரையாடலுக்கு 8 என மதிப்பெண்கள் பகுக்கப்பட்டன. இலக்கணத்திற்குரிய மதிப்பெண் சிறிதாயினும், அவ்வினா இலக்கியப் பகுதியின்மேலேயே எழுப்பப்படுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

தமிழ் ஆய்வாளருக்கு இம்முறை முற்றிலும் புதிதன்று. கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை ஆகியவற்றைக் கொண்டு அமையும் காண்டிகையுரையை நன்னூல் வரையறுக்கிறது. பரிமேலழகர், நச்சினார்க்கினியர் முதலியோரின் உரைகளில் இலக்கணக் குறிப்பும் இலக்கிய நயமும் உலகியற் செய்தியும் ஒரே இடத்தில் கலந்து நிற்கின்றன. இரண்டிற்கும் வேறுபாடும் உண்டு. உரையாசிரியர் நூல் முழுமைக்கும் பொருள் காண்பவர். பனுவல் விளக்கமோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு, மாணவர் தாமே செய்து காட்ட வேண்டிய தேர்வுப்பயிற்சி. உரை கற்பவரின் கையில் கொடுக்கப்படுவது. பனுவல் விளக்கம் கற்பவரிடமிருந்து கேட்கப்படுவது.

3. பிரிவின் விளைவுகள்

அயலகத் துறைகளில் இப்பயிற்சி தளரும்போது மூன்று கூறுகளும் விலகிவிடுகின்றன. அமெரிக்காவின் நவீன மொழிகள் கழகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை இந்நிலையை இரண்டு தட்டு அமைப்பாக விவரித்தது. கீழ்த்தட்டில் மொழிப் பயிற்சி, மேல்தட்டில் இலக்கியக் கல்வி. முன்னதைக் கற்பிப்போருக்குப் பாடத்திட்டத்தில் குரல் இல்லை, பின்னதைக் கற்பிப்போர் மொழி வகுப்பிற்கு வருவதில்லை என்பது அதன் சாரம். இதற்கு மாற்றாக, மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் இடையே இயங்கும் திறனைப் பட்டப்படிப்பின் இலக்காக அவ்வறிக்கை முன்மொழிந்தது.

இப்பிரிவினால் இரண்டு இழப்புகள் நேர்கின்றன. மொழி மட்டும் கற்பவர் சூழலுக்கேற்ற தொடர்களைச் சொல்லவல்லவராகிறார். ஆயினும் ஓர் ஆசிரியர் வேறொரு வடிவத்தை விடுத்து இவ்வடிவத்தை ஏன் தெரிந்தெடுத்தார் எனக் கேட்கும் பழக்கம் அவருக்கு வாய்ப்பதில்லை. இலக்கியம் மட்டும் கற்பவர் மொழிபெயர்ப்பையும் குறிப்புரையையும் நம்பிக் கருத்துகளைத் தொகுக்கிறார். மூலப்பனுவல் அவருக்கு மேற்கோளாக மட்டுமே எஞ்சுகிறது. மூன்று கூறுகளும் ஒரு சொல்லிலேயே எவ்வாறு ஒன்றுகின்றன என்பதைப் பின்வரும் இரு சான்றுகள் காட்டும்.

4. முதற்சான்று: முன்னிலைப்பெயர்

பிரெஞ்சில் ஒருவரை விளிக்க 'த்யு', 'வூ' என இரண்டு முன்னிலைப்பெயர்கள் உண்டு. முன்னது ஒருமை, பின்னது பன்மையாகவும் மரியாதை ஒருமையாகவும் வரும். முதல்வாரப் பாடத்திலேயே இது கற்பிக்கப்படுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல்லே வழங்குவதால், ஆங்கிலவழிப் பாடநூல்கள் இதனை நீண்ட விதிகளால் விளக்க நேர்கிறது. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாட்டை இயல்பாகக் கையாளும் தமிழ் மாணவருக்கு அவ்விளக்கம் தேவையில்லை. பன்மைச் சொல்லே மரியாதைச் சொல்லாகவும் நிற்பது இரு மொழிகளுக்கும் பொது.

1677இல் அரங்கேறிய ராசினின் 'ஃபேத்ர்' நாடகத்தில் இவ்வேறுபாடு நாடகத்தின் திருப்பமாகவே அமைகிறது. அரசி ஃபேத்ர் தன் கணவனின் முதல் மனைவழி மகனான இப்போலித்தின்மேல் காதல் கொள்கிறாள். இரண்டாம் அங்கத்தின் ஐந்தாம் காட்சியில் தன் மனத்தை மறைமுகமாக வெளிப்படுத்தும்வரை அவனை 'வூ' என்றே விளிக்கிறாள். அவன் திடுக்கிட்டு, தன் தந்தையே அவள் கணவன் என்பதை நினைவூட்டுகிறான். அவள் ஒருகணம் தன் மதிப்பைக் காத்துக்கொள்ள முயல்கிறாள். அப்போதும் 'வூ' நீடிக்கிறது. அடுத்து அவள் முழுமையாக உடைந்து பேசும்போது விளி 'த்யு' என மாறுகிறது. மேடையில் யாரும் நகரவேண்டியதில்லை; முன்னிலைப்பெயர் மாறியதே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது.

இங்கே மொழி கேட்கும் வினா, எந்தப் பெயர் எதனைக் குறிக்கிறது என்பது. இலக்கியம் கேட்கும் வினா, அப்பெயர் இவ்விடத்தில் ஏன் மாறியது என்பது. பண்பாட்டின் வினா இதனை அடுத்து எழுகிறது. 17ஆம் நூற்றாண்டு அரசவை வழக்கில் நெருங்கிய உறவினரிடையேயும் 'வூ' இயல்பானது. தமிழிலோ தாய்நிலையில் உள்ள ஒருத்தி மகன்முறை உடையவனை 'நீ' என்பதே வழக்கு. இவ்வழக்கைப் பின்பற்றி மொழிபெயர்ப்பாளர் தொடக்கத்திலிருந்தே 'நீ' என எழுதினால் பின்னர் மாற்றுவதற்கு எதுவும் இராது; காட்சியின் உச்சம் கரைந்துவிடும். 'நீங்கள்' எனத் தொடங்கினால் உறவுமுறை தமிழ்ச் செவிக்குச் செயற்கையாகும். தமிழ் இலக்கணம் தரும் கருவியைத் தமிழ் உறவுமுறை தடுக்கிறது. இச்சிக்கலை உணர்வதற்கு மொழி, இலக்கியம், பண்பாடு ஆகிய மூன்றும் ஒரே வகுப்பில் தேவைப்படுகின்றன.

5. இரண்டாம் சான்று: இறந்தகாலம்

பிரெஞ்சில் முடிந்த செயலைக் குறிக்க இரண்டு வடிவங்கள் முதன்மையானவை. ஒன்று 'பாசே சம்ப்ல்' எனப்படும் எளிய இறந்தகாலம். மற்றொன்று துணைவினையின் நிகழ்காலத்தோடு எச்சவடிவம் சேர்ந்து அமையும் 'பாசே கொம்போசே' என்னும் கூட்டு இறந்தகாலம். முன்னது இன்று பேச்சில் வழங்குவதில்லை. எழுதப்பட்ட கதைகூறலுக்கும் வரலாற்றுக்கும் உரியது. பின்னது பேச்சிலும் கடிதத்திலும் இயல்பாக வருவது.

அல்பெர் காம்யு 1942இல் வெளியிட்ட நாவல், வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் 'அந்நியன்' எனத் தமிழில் அறியப்படுகிறது. அந்நாவலின் கதைகூறல் பெரிதும் கூட்டு இறந்தகாலத்தில் நிகழ்கிறது. நாவல்மரபு எதிர்பார்த்த வடிவம் எளிய இறந்தகாலமாகும். இத்தெரிவைத் திறனாய்வாளர்கள் உடனே கவனித்தனர். ழான் போல் சார்த்ர் 1943இல் இந்நாவலுக்கு எழுதிய விளக்கக் கட்டுரையில், இக்காலவடிவம் ஒவ்வொரு வாக்கியத்தையும் தீவுபோல் தனிமைப்படுத்துகிறது எனக் கருதினார். ரொலான் பார்த் 1953இல் வெளியிட்ட நூலில், எளிய இறந்தகாலம் நாவலின் ஒழுங்கமைந்த உலகைக் குறிக்கும் அடையாளம் என விளக்கி, காம்யுவின் நடையை அவ்வடையாளங்கள் நீங்கிய வெண்ணிற எழுத்தின் சான்றாகக் கொண்டார். எமில் பென்வெனிஸ்த் 1959இல், பிரெஞ்சு வினைக்காலங்கள் வரலாறு, உரையாடல் என்னும் இருவேறு கூற்றுமுறைகளாகப் பிரிகின்றன என மொழியியல் நோக்கில் நிறுவினார். ஒரு வினைவடிவம் பற்றிய வினா திறனாய்வையும் மொழியியலையும் ஒருசேர வளர்த்தது.

தமிழ் மாணவர் இவ்விடத்தில் இரண்டு தடைகளை எதிர்கொள்கிறார். கூட்டு இறந்தகாலத்தின் அமைப்பு 'வந்திருக்கிறான்' என்னும் தமிழ் வடிவத்தை ஒத்துத் தோன்றுகிறது. ஆனால் 'நேற்று வந்திருக்கிறான்' என்னும்போது, சொல்பவர் நேரில் காணாமல் அடையாளங்களைக் கொண்டு உய்த்துணர்ந்தார் என்னும் குறிப்பு தமிழில் பல இடங்களில் எழுகிறது. பிரெஞ்சு வடிவத்தில் அக்குறிப்பு இல்லை. அது 'நேற்று வந்தான்' என்பதற்கே இணையாக நிற்கவல்லது. ஆங்கில வழியாகக் கற்பவருக்கும் இதே மயக்கம் நேர்கிறது. உருவம் ஒத்த ஆங்கில வடிவமும் 'நேற்று' என்னும் சொல்லை ஏற்பதில்லை.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. தமிழில் 'வந்தான்' என்பது கதைக்கும் பேச்சுக்கும் பொது. பிரெஞ்சு தன் வினைக்காலத்தில் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் எழுத்துவழக்கு, பேச்சுவழக்கு என்னும் இரட்டை வழக்கில் காட்டுகிறது. எனினும் இவ்விரண்டும் சரிநிகர் அல்ல. காம்யுவின் நடையைப் பேச்சுத்தமிழில் தந்தால், மூலத்தில் இல்லாத வட்டாரமும் சமூக அடையாளமும் கதைசொல்லியின்மேல் ஏறும். செறிவான எழுத்துத்தமிழில் தந்தால் காம்யு விலக்கிய மரபே மீண்டும் வந்துசேரும். எனவே மொழிபெயர்ப்பாளர் வினைவடிவத்தை விடுத்து, வாக்கிய நீளம், இணைப்புச் சொற்களின் அருமை, அடைமொழிக் குறைவு முதலியவற்றில் இணையைத் தேடவேண்டியவராகிறார்.

6. பண்பாடு என்னும் மூன்றாம் வினா

'அந்நியன்' நாவலில் கொல்லப்படும் அரேபியருக்குப் பெயர் இல்லை. மொழித்தாளில் இது கவனிக்கப்படாது. கதைச்சுருக்கம் எழுதும் இலக்கிய மாணவரும் இதனைக் கடந்து செல்லக்கூடும். 1830இல் தொடங்கிய படையெடுப்பின்வழி அல்ஜீரியா பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டது என்னும் வரலாறு அறிந்தவருக்கே இப்பெயரின்மை வினாவாகிறது. எட்வர்டு செய்த் 1993இல் வெளியிட்ட நூலில் காம்யுவைக் காலனியச் சூழலில் வைத்துப் படித்தார். அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் வெளியிட்ட நாவலில் கொல்லப்பட்டவருக்கு மூசா என்னும் பெயரையும், அவர் கதையைச் சொல்ல ஒரு தம்பியையும் அளித்தார். அந்நாவலும் பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது.

இதனால் பிரெஞ்சுப் பண்பாடு என்பது பிரான்சு நாட்டின் பண்பாடு மட்டுமே என்னும் எல்லை தகர்கிறது. மர்த்தினிக்கின் எமே செசேர், செனெகலின் லெயோபோல் செதார் செங்கோர், அல்ஜீரியாவின் அசியா ஜெபார் ஆகியோர் இம்மொழியின் படைப்பாளர்களே. செங்கோர் 1983இலும் ஜெபார் 2005இலும் பிரெஞ்சு அகாதெமிக்குத் தெரிவாயினர். 2007 மார்ச்சில் 44 எழுத்தாளர்கள் ஒப்பமிட்டு வெளியிட்ட அறிக்கை, மையம், விளிம்பு என்னும் பகுப்பை மறுத்துப் 'பிரெஞ்சில் உலக இலக்கியம்' என்னும் கருத்தை முன்வைத்தது.

தமிழருக்கு இவ்வினா தொலைவானதன்று. புதுச்சேரியும் காரைக்காலும் 1954இல் நடைமுறையிலும் 1962இல் சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தன. அல்ஜீரியா விடுதலை பெற்றதும் அதே 1962இல்தான். 1881ஆம் ஆண்டு ஆணை, பிரெஞ்சிந்தியக் குடிகள் தம் மரபுவழித் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. அவ்வாறு துறந்தோர் புதிய குடும்பப்பெயர்களையும் மேற்கொண்டனர். பெயரின்மையும் பெயரேற்றலும் காலனிய ஆட்சியில் என்ன பொருள் பெற்றன என்னும் கேள்விக்குத் தமிழ் நிலத்திலேயே சான்றுகள் உள்ளன. பண்பாட்டுத் தாளில் இவை இடம்பெறத் தக்கவை.

7. தமிழ் வழியாகக் கற்றலின் தேவை

தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இளநிலை மாணவர் பகுதி ஒன்றில் தமிழுக்கு மாற்றாகப் பிரெஞ்சைத் தெரிவு செய்யலாம். இத்தெரிவு ஒன்றை விலக்கி மற்றொன்றை ஏற்கும் நிலையில் இரு மொழிகளையும் நிறுத்துகிறது. ஆனால் முற்கண்ட சான்றுகள், பிரெஞ்சை நுணுக்கமாகக் கற்பதற்குத் தமிழ் இலக்கண அறிவே துணைசெய்யும் என்பதைக் காட்டுகின்றன. முன்னிலைப்பெயரில் தமிழ் நேரிய துணையாகிறது; இறந்தகாலத்தில் தமிழின் வேறுபாடே விளக்கமாகிறது.

ஐரோப்பிய இலக்கியங்கள் பலவும் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகத் தமிழுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. அவ்வழியில் 'த்யு', 'வூ' வேறுபாடு முதலில் ஆங்கிலத்தில் மறைந்து, பின்னர்த் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் ஊகத்தால் மீண்டும் தோன்றுகிறது. மூலத்திலும் தமிழிலும் உள்ள ஒன்று இடையில் தொலைந்துபோகிறது. ஜூலியன் வென்சோன் பாரிசில் தமிழ் கற்பித்ததும், ஃபிரான்சுவா குரோ 1968இல் பரிபாடலைப் பிரெஞ்சில் வெளியிட்டதும் இரு மொழிகளுக்கிடையே நேர்வழி உண்டு என்பதற்குச் சான்றுகள். எதிர்த்திசையில் 'அந்நியன்', 'குட்டி இளவரசன்' ஆகிய மொழிபெயர்ப்புகள் பிரெஞ்சிலிருந்து நேரடியாக வந்தவை. இத்தகைய முயற்சிகள் தனியொருவர் ஆர்வத்தை மட்டும் நம்பி நிற்காமலிருக்கத் துறைசார்ந்த பயிற்சி வேண்டும்.

அதற்குப் புதிய தாள் எதுவும் தேவையில்லை. முதற்பருவத்திலேயே வாரம் ஒருமுறை ஐந்தாறு வரிப் பனுவலொன்றை எடுத்து, உரக்கப் படித்து, அதிலுள்ள ஓர் இலக்கண வடிவத்தை விளக்கி, அவ்வடிவம் ஏன் அங்கு வந்தது எனக் கேட்டு, தமிழில் அதன் இணை எது எனத் தேடச் செய்யலாம். பருவந்தோறும் பனுவல் நீளலாம், வினாக்கள் மாறவேண்டியதில்லை. பிரெஞ்சு, தமிழ் ஆகிய இரு துறைகளின் ஆசிரியர்களும் இவ்வகுப்பில் பங்கேற்பின் ஒப்பீட்டு இலக்கணமும் மொழிபெயர்ப்பியலும் நடைமுறையில் கற்பிக்கப்படும்.

முடிவுரை

பிரெஞ்சுக் கல்வியின் மூன்று கூறுகளும் வரலாற்றால் தனித்தனியே தோன்றியவை என்பதும், பனுவல் விளக்கம் அவற்றை இணைக்கவல்லது என்பதும் இக்கட்டுரையால் பெறப்படுகின்றன. ஃபேத்ரின் ஒரு விளியும் 'அந்நியன்' நாவலின் ஒரு வினைக்காலமும் மொழி, இலக்கியம், பண்பாடு ஆகிய மூன்று வினாக்களையும் ஒருங்கே எழுப்புகின்றன. தொடக்கநிலை மாணவர் கற்கும் இலக்கணத்திலேயே இறுதியாண்டு இலக்கியத்தின் வித்து உள்ளது. முன்னுரையில் சுட்டிய தொலைவைக் கடக்கும் வழி இதுவே. மேலும், இவ்வினாக்கள் தமிழில் கேட்கப்படும்போது பிரெஞ்சைப் பற்றிய அறிவோடு தமிழின் விளி, காலம், இரட்டை வழக்கு ஆகியன பற்றிய அறிவும் வளர்கிறது. நீ, நீர், நீங்கள் என்னும் முன்னிலைப்பெயர்கள் தமிழ் மொழிபெயர்ப்பு நாடகங்களில் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்பதைத் தொகுத்து ஆராய்வது இதன் தொடர்ச்சியாக மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.